மூடியில்லாக் கிண்ணம்

காது கேளாத ஒருவர் எதிரியின் வானொலியை ஒட்டுக்கேட்டார் என்று குற்றம் சாட்டுவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். தோமிஹாமாத் துறைமுகத்தின் படைக் காவல் பிரிவுக்கு அந்தத் துணிச்சல் இருந்தது.

வானொலி பழுதுபார்க்கும் கன்சாகு காவல் நிலையத்தின் பின்னறையில் மண்டியிட்டு அமர்ந்திருந்தார். அவருடைய வலக்காது பிறவியிலேயே செவிடு. இடக்காதில் உரக்கக் கத்தினால் பாதி விழும். ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பில் விரல்நுனிகளை வைத்து, அதன் அதிர்வைக் கொண்டே பழுதைக் கண்டுபிடிப்பவர் அவர். மாலைப் படகில் அவரை நீரிணைக்கு அப்பாலுள்ள தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது மேஜர் நிஷிகோரியின் ஆணை. அந்தப் படகில் அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர்கூட இதுவரை திரும்பி வந்ததில்லை.

துறைமுகக் காவல் ஆய்வாளர் கிரியாமா குனிந்து அவருடைய இடக்காதில் கத்தினார். "உங்க மேல என்ன குத்தம்னு சொன்னாங்களா?"

"ஆமாங்க, குளிருது."

கதவோரம் நின்ற உதவியாளன் உசுகி பெருமூச்சு விட்டான். இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் குட்டை. அதனால் படையில் சேர்க்கப்படாமல் தப்பியவன். வாய்க்கு மட்டும் எந்த ஊனமும் இல்லை. "எதிரிங்க ரொம்பக் கஞ்சம் போல இருக்கு, ஐயா. காது கேக்காத உளவாளின்னா பாதிக் கூலி போதும்னு நெனச்சுட்டாங்க."

கிரியாமா சிரிக்கவில்லை. புகையிலை கிடைக்காத காலமாதலால் வெறும் புகைக்குழாயைக் கடித்துக்கொண்டிருந்தார்.

வழக்கு இதுதான். 'மினோசாகி மாரு' என்னும் சரக்குக் கப்பல் கோடையின் தொடக்கத்தில் தெற்கே புறப்பட்டது. அதில் சென்றவர்களுள் பெரும்பாலார் இவ்வூர் மாலுமித் தெருவைச் சேர்ந்தவர்கள். அக்கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி தகர்த்துவிட்டது என்னும் செய்தி இப்போது அந்தத் தெருவுக்குத் தெரிந்திருக்கிறது. கப்பல் மூழ்கியதா இல்லையா என்று ஆய்வாளருக்கு யாரும் சொல்லவில்லை. மூழ்கியதாகச் சொன்னவனைப் பிடிக்க வேண்டும் என்றுமட்டும் சொன்னார்கள். மூழ்கிய கப்பலை மூழ்கவில்லை என்று ஆணையிட்டால் அது மறுபடியும் மிதக்கும் என்று பெரியவர்கள் மெய்யாகவே நம்பிய காலம் அது.

"தெருவுல யாராவது வாயைத் தொறந்து சொன்னாங்களா?" என்று கேட்டார் கிரியாமா.

"ஒருத்தரும் சொல்லல. அக்கம்பக்கச் சங்கத் தலைவர் ஒகிதாதான் படைக்காரங்ககிட்ட போய்ச் சொன்னாராம். ஒரே சாயங்காலம் தெருவுல முக்கால்வாசி வீட்டுல நிழற்சோறு வைக்கிறத நிறுத்திட்டாங்களாம்" என்றான் உசுகி.

வீட்டை விட்டுத் தொலைவு சென்றவருக்காக வீட்டார் நாள்தோறும் வைக்கும் தட்டுக்கு நிழற்சோறு என்று பெயர். அவர் சென்ற திசையைப் பார்க்குமாறு தட்டை வைப்பார்கள். சற்று நேரம் கழித்துக் கிண்ணத்தின் மூடியைத் திருப்பிப் பார்ப்பார்கள். மூடியின் உட்புறத்தில் நீர்த்துளிகள் திரண்டிருந்தால் சென்றவர் நலம், உலர்ந்திருந்தால் நலமில்லை. பிறகு அவர் பெயரைச் சொல்லி வீட்டிலுள்ளவர்கள் அந்தச் சோற்றை உண்பார்கள். இறந்தவருக்கு வைப்பது வேறு. இது உயிரோடிருப்பவருக்கு மட்டுமே உரியது.

"எல்லா வீடும் நிறுத்தலையா?"

"எங்க வீட்டுல நிறுத்தல, ஐயா. என் தம்பி தோமோசோவும் அந்தக் கப்பல்லதானே சமையல்கட்டுல இருக்கான். கப்பல் முழுகியிருந்தா எங்கம்மா இன்னும் தட்டு வைப்பாங்களா? புரளி, ஐயா, சுத்தப் புரளி. கொதிகலன்ல கரி அள்ளிப் போடுற கிஹேய் வீட்டுலயும் நிறுத்தல. இன்னும் ஒண்ணு ரெண்டு வீடு."

கிரியாமா குழாயை வாயிலிருந்து எடுத்தார். "நிறுத்தினவங்க பொய்யா அழலாம். எல்லாரும் அழுறப்ப அழாம இருக்கிறவங்கதான் எதையோ தெரிஞ்சு வெச்சிருக்காங்க. கிஹேய் பொண்டாட்டி வீட்டுக்கு வழி காட்டு."

"மாலைப் படகுக்குள்ளயா?"

"படகு போயிட்டா அப்புறம் எதுக்கு?"

மாலுமித் தெரு கடலோரத்தில் தொடங்கி, நடுவில் ஒரு கிணற்றைச் சுற்றி வளைந்து, மலையடிவாரத்தில் முடிகிறது. துறைமுகத்தில் கப்பல்களே இல்லை. பாரந்தூக்கிகள் வேலையின்றி நின்றன. எங்கோ கடலுக்கடியில் நீர்மூழ்கிக்குள் முகமறியாத ஒருவன் கண்ணாடிக் குழாய் வழியே பார்த்துக்கொண்டிருக்கிறான். அதனால் இங்கே கடையில் சர்க்கரை இல்லை, அரிசி இல்லை, மருந்தில்லை. தெருவில் எதிர்ப்பட்ட பெண்களின் கண்கள் சிவந்திருந்தன. "அடுப்புப் புகை" என்றார்கள். எந்தக் கூரையின்மேலும் புகையில்லை.

கிஹேயின் மனைவி ஹத்சு தரையில் நெற்றி படாத குறையாக வணங்கி வரவேற்றாள். முப்பது வயதிருக்கும். கூடத்தின் மூலையில் குட்டைக் கால்களுடைய தட்டு ஒன்று இருந்தது. அதன்மேல் மூடிய கிண்ணம், ஒரு சோடி குச்சிகள்.

"உங்க வீட்டுக்காரர் எந்தப் பக்கம் போனாரும்மா?" என்று கேட்டார் கிரியாமா.

"தெக்கங்க, ஐயா."

"தட்டு வடக்க பாத்துட்டு இருக்கே."

ஹத்சு தட்டைப் பார்த்தாள். "சின்ன வீடுங்க. இடம் இல்ல."

"இந்த அறையில இருக்கறதே அந்த ஒரு தட்டுதான்" என்றான் உசுகி. "தெக்க திருப்பினா சுவரா இடிக்கப் போகுது? வடக்க மலைதான் இருக்கு. கிஹேய் அண்ணன் மலைமேல கப்பல் ஓட்டுறாரா, அண்ணி?"

கிரியாமா மன்னிப்புக் கேட்பவர் போலத் தலையைத் தாழ்த்திவிட்டுக் கிண்ணத்தின் மூடியை எடுத்தார். கறுப்பு அரக்குப் பூசிய மரமூடி. உட்புறம் முழுவதும் துளிகள் திரண்டு நின்றன. கிண்ணத்தில் இருந்தது கஞ்சி: குழையக் காய்ச்சிய வெள்ளரிசிக் கஞ்சி, நடுவில் உப்பில் ஊறிய ஒரு புளிப்புப் பழம். அடுப்பங்கரையிலிருந்து வந்த வாடையோ பார்லியும் சர்க்கரைவள்ளியும் வேகும் வாடை.

"உங்களுக்கு வள்ளிக்கிழங்கு, அவருக்கு அரிசிக்கஞ்சி. கரி அள்ளிப் போடுற ஆம்பளைக்குக் கஞ்சி எப்படிம்மா தாங்கும்? காய்ச்சல்ல படுத்தவனுக்கில்ல கஞ்சி."

"அதான பாத்தேன்" என்றான் உசுகி. "கஞ்சிக்கு மூடி வேற! எங்க வீட்டுல மூடி ஒடஞ்சு போச்சுன்னு அம்மா தம்பி கிண்ணத்தத் தொறந்தேதான் வைக்கிறாங்க. ஈயெல்லாம் வந்து எனக்கு வர்ற பங்குல பங்கு கேக்குது."

மூடியைத் திரும்ப வாங்க நீண்ட ஹத்சுவின் கை பாதியில் நின்றுவிட்டது. கிரியாமா அதைக் கண்டார். கையிலிருந்த மூடியைப் புறங்கையால் தட்டியும் பார்த்தார். இந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் மரமூடிதான். மரமூடி உடையாது. அவர் உசுகியைப் பார்க்காமல் அதைக் கிண்ணத்தின்மேல் திரும்ப வைத்தார்.

"உங்க நகத்தக் காட்டுங்கம்மா."

"கரிங்க. கரி அள்ளினேன்."

"கரி தண்ணியில போயிடும். இது கப்பல் எண்ணெய். இருபது வருஷமா துறைமுகத்துல இருக்கேன், எனக்குத் தெரியாதா? கப்பல் ஒடஞ்சா எண்ணெய் தண்ணிமேல மெதக்கும். அதுல நீந்தினவன் உடம்புல மாசக் கணக்கா ஒட்டிட்டு இருக்கும்."

மலையுச்சியில் ஊராட்சியின் தொற்றுநோய் விடுதி இருந்தது. வெளியூர்க் கப்பலில் வந்த காலரா நோயாளிகள் என்று சொல்லி, படையினர் அதில் மஞ்சள் கொடியேற்றிக் காவல் போட்டிருந்தார்கள். கிரியாமா சாளரத்தின் வழியே அந்தக் கொடியைப் பார்த்தார்.

"காலரா வந்தவன் மேல எண்ணெய் எப்படிம்மா ஒட்டும்?"

ஹத்சு நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்த்தது ஆய்வாளரையன்று. "அவர வெளிய போகச் சொல்லுங்க. உங்ககிட்ட மட்டும் சொல்றேன்."

"எனக்கு வெக்கமா இருக்கு, ஐயா" என்றான் உசுகி. "நான் இவ்வளவு அழகுன்னு இப்பதான் தெரியுது."

"அவனும் நானும் ஒண்ணுதான். அவன் இருக்கட்டும்" என்றார் கிரியாமா.

அன்று அவர் செய்த ஒரே பிழை அது.

ஹத்சு எழுந்து பின்கட்டுக்குச் சென்று ஒரு துணிச்சுருளுடன் திரும்பினாள். அது ஆயிரம் முடிச்சுக் கச்சை. கடலுக்கும் போருக்கும் செல்லும் ஆண்மகனுக்காக ஆயிரம் பெண்கள் ஆளுக்கொரு செந்நூல் முடிச்சுப் போட்டுத் தரும் வயிற்றுக்கட்டு. குண்டும் அலையும் அண்டாமல் காக்கும் என்பது நம்பிக்கை. வெள்ளைத்துணி பழுப்பாகியிருந்தது. எண்ணெய் வாடை அறையெங்கும் பரவியது.

"விடுதித் துணியெல்லாம் வேகவைச்சுத் துவைக்கிறது எங்க மகளிர் சங்கத்து வேலைங்க. பல வருஷமா நாங்கதான் செய்யறோம். போன வாரமும் எப்பவும் போல லாரியில மூட்டை வந்துச்சு. அவுத்தோம். உள்ள எங்க கச்சைங்க. நாங்களே தைச்ச கச்சைங்க."

கிரியாமாவின் வாயிலிருந்த குழாய் தாழ்ந்தது. தப்பிப் பிழைத்தவர்களை உலகின் கண்ணுக்கு மறைத்து மலைமேல் பூட்டிவைத்த மேஜர் நிஷிகோரி, அவர்களுடைய அழுக்குத் துணியை அவர்களுடைய மனைவியரிடமே அனுப்பிவைத்திருக்கிறார்! பழக்கம் என்பது எந்தப் படைத்தலைவனுடைய ஆணைக்கும் காத்திராமல் தன் வேலையைச் செய்துவிடுகிறது. துணி துவைப்பது பெண்பிள்ளைகளின் வேலை என்று எண்ணிய தலைக்கு, பெண்பிள்ளைகளுக்குக் கண்ணும் உண்டு என்பது தோன்றவில்லை.

"சரி, இந்தக் கச்சை வந்தது உங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்கார்னு சொல்லுது. மத்த வீட்டுக்காரங்க செத்துட்டாங்கன்னு அது எப்படிச் சொல்லும்? அவங்க கச்சை வரலேன்னா வேற கப்பல் காப்பாத்தியிருக்கலாமே?"

ஹத்சு கச்சையைப் பாயில் விரித்து முதல் வரிசையை ஆய்வாளர் பக்கமாகத் திருப்பினாள். மற்ற வரிசைகளில் முடிச்சுகள் எறும்புச்சாரை போல நெருக்கமாக இருந்தன. முதல் வரிசையில் மட்டும் இடையிடையே முடிச்சு இல்லை. ஊசி துளைத்த தடம் மட்டும் இருந்தது. யாரோ மீன்முள்ளாலோ நகத்தாலோ பொறுமையாக நூலைக் கெல்லி எடுத்திருந்தார்கள்.

குனிந்து பார்த்த உசுகி சிரித்தான். "கிஹேய் அண்ணனுக்குக் காய்ச்சல்ல பொழுது போகலபோல. எங்க தெருவுல எல்லாக் கச்சைக்கும் முதல் வரிசை தெருக்காரங்கதான் போடணும், ஐயா. கடலோரத்து வீட்டுல தொடங்கி மலையடி வரைக்கும் வரிசையா வாங்கிட்டு வருவாங்க. இது வலை பின்றவர் வீடு." அவன் விரல் நகர்ந்தது. அங்கே முடிச்சு இல்லை. "இது சுக்கான் பிடிக்கிறவர் வீடு." முடிச்சு இல்லை. "இது குளியல்கடை. இருக்கு, அவங்க வீட்டுல யாரும் கப்பலுக்குப் போகல. இது கயிறு திரிக்கிறவர் வீடு..." முடிச்சு இல்லை.

அவன் குரல் மெதுவாகத் தேய்ந்தது. விரல் நிற்காமல் சென்றது. "இது கிணறு. இது கிணத்துக்கு எதிர்வீடு."

விரல் அங்கே நின்றது. இரண்டு சிறிய துளைகள். அவற்றைச் சுற்றி எண்ணெய்க் கறை.

கிணற்றுக்கு எதிர்வீடு உசுகியின் வீடு.

உசுகி விரலை எடுக்காமலே, "எங்கம்மாவும் துவைக்க வந்தாங்களா, அண்ணி?" என்று கேட்டான்.

"அவங்கதான் மூட்டைய அவுத்தாங்க."

"அன்னிலேருந்துதான் மூடி இல்ல" என்றான் அவன். மூடியைத் திருப்பிப் பார்க்கத் துணியாத ஒருத்தி, மூத்த மகனுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, நாள்தோறும் இளைய மகனுக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

கிரியாமா அவன் தோளில் கை வைக்கவில்லை. அப்படிச் செய்யும் வழக்கம் அவரிடம் இல்லை. ஹத்சுவின் பக்கம் திரும்பிச் சொன்னார்: "கன்சாகுவக் காப்பாத்தணும்னா துணிமூட்டை விஷயத்த நான் மேஜர்கிட்ட சொல்லியாகணும். சொன்ன உடனே அவர் மூட்டையப் பிரிச்சுப் பாப்பார். இந்த வரிசையப் பாத்தா என்ன ஆகும்?"

"செத்தவங்க வீட்டு முடிச்சையெல்லாம் எடுத்து சேதி சொன்னார்னு எங்க வீட்டுக்காரரச் சுட்டுருவாங்க" என்றாள் ஹத்சு. "சொல்லாதீங்க, ஐயா. கால்ல விழறேன்."

"சொல்லலேன்னா கன்சாகுவச் சுடுவாங்க."

சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த உசுகியின் குரல் கேட்டது. முன்னைய குரலன்று, ஆனால் அவனுடையதுதான். "கிஹேய் அண்ணன் எடுத்த முடிச்சத் திரும்பப் போட்டுட்டா?"

"புது நூல் பளிச்சுனு தெரியும்" என்றார் கிரியாமா.

"பின்கட்டுத் தொட்டியில இன்னும் எண்ணெய்த் தண்ணி இருக்கும், ஐயா. அதுல ஒரு முக்கு முக்கினா எல்லா முடிச்சும் ஒரே வயசாயிடும்." சற்று நிறுத்தினான். "ஆனா யார் முடிச்ச யார் போடறது? ஆளுக்கு ஒரு இழுப்பு இருக்கு. ஒரே கை போட்டா கண்ணுல படும். அவங்கவங்கதான் வரணும்."

அவர்கள் வந்தார்கள். காய்கறி இரவல் கேட்பவர்கள் போல ஒருவர் பின் ஒருவராகப் பின்கட்டு வழியே வந்தார்கள். வலை பின்னுபவரின் மனைவி வந்தாள். சுக்கான்காரரின் தங்கை வந்தாள். ஒவ்வொருத்தியும் மண்டியிட்டுத் தனக்குரிய துளையைத் தேடி, ஊசியைச் செலுத்தி, நூலை மும்முறை சுற்றி இழுத்து, பல்லால் கடித்து அறுத்தாள். தன் வீட்டு ஆண் இறந்தான் என்று தனக்குச் சொன்ன ஒரே சாட்சியை ஒவ்வொருத்தியும் தன் கையாலேயே அழித்துவிட்டுச் சென்றாள். ஒருத்தியும் அழவில்லை. அழுகை அண்டைவீட்டுக்குக் கேட்டால் ஒகிதா வருவார். அழுவதற்கும் அனுமதி வேண்டிய ஊராக அதை ஆக்கிவைத்திருந்தார்கள்.

கடைசியாக உசுகியின் தாய் ரின் வந்தாள். மகனைக் கண்டதும் வாசலில் நின்றாள். பாயில் விரிந்திருந்த கச்சையையும் அவன் முகத்தையும் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து அமர்ந்தாள்.

"ஊசியில நூல் கோத்துக் குடுடா. எனக்குக் கண்ணு தெரியல."

அவன் கோத்துக் கொடுத்தான். முதல்முறை நூல் நுழையவில்லை. இரண்டாம் முறையும் நுழையவில்லை.

"உனக்கும் தெரியலையா?" என்றாள் ரின்.

"புகை, அம்மா."

"ஆமா. புகைதான்."

முடிச்சு விழுந்தது. உசுகி கச்சையை எடுத்துச் சென்று கறுத்த தண்ணீரில் அமிழ்த்தி, வெகுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

படகுத்துறையில் மேஜர் நிஷிகோரி கையுறைகளை மாட்டிக்கொண்டிருந்தார். இருபுறமும் காவலர் சூழக் கன்சாகு நின்றார். படகின் கொதிகலன் ஏற்கெனவே இரையத் தொடங்கியிருந்தது. கன்சாகு அதைக் காலடிப் பலகையின் அதிர்வால் அறிந்து, படகுப் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

"ஆய்வாளரே, வழியனுப்ப வந்தீங்களா?" என்று கேட்டார் மேஜர்.

"ஒரு சந்தேகம் கேட்க வந்தேன், மேஜர் ஐயா. மினோசாகி மாரு முழுகிடுச்சா?"

"முழுகல. அது உங்களுக்கும் தெரியும்."

"அப்படின்னா முழுகிடுச்சுங்கிறது பொய்ச் செய்தி. பொய்ச் செய்தியில ரகசியம் ஏது? ரகசியமே இல்லேன்னா இவர் எதத் திருடினார்? உளவாளின்னு எழுதி அனுப்பினா, அவன் சொன்னது நிஜம்னு நாமளே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகாதா?"

மேஜரின் கை கையுறையில் பாதியோடு நின்றது. "வார்த்தை விளையாட்டெல்லாம் தலைமையகத்துல எடுபடாது. தெருவுக்கு எப்படித் தெரிஞ்சுது? எனக்கு ஆள் வேணும்."

"ஆள் இருக்கார்" என்று சொல்லிக் கிரியாமா ஒதுங்கி நின்றார். பின்னால் உசுகி துவைத்த துணிமூட்டையைச் சுமந்துகொண்டு நின்றான். "மலைவிடுதி லாரிக்காக வெச்சிருந்தது. தெருப் பொம்பளைங்க தைச்ச கச்சைங்க, கப்பல் எண்ணெயோட, தெருப் பொம்பளைங்க கைக்கே வந்திருக்கு. இத இங்க அனுப்பச் சொன்னவர் யாரோ, அவர்தான் உங்க ஆள். நான் தேடிக் கண்டுபிடிக்கட்டுமா, ஐயா? இல்ல, உங்களுக்கே தெரியுமா?"

மேஜரின் முகத்தில் நிறம் மாறியது. மூட்டையை அவரே பிடுங்கிப் பிரித்தார். கச்சைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தார். கிஹேயின் கச்சை வந்தபோது முதல் வரிசையில் கட்டைவிரலை வைத்து நெடுக ஓட்டினார். கிணற்றுக்கு எதிர்வீட்டின் மேலும் விரல் சென்றது. உசுகி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். முடிச்சுகள் குறையின்றி நிரம்பியிருந்தன. மேஜர் கச்சையை மூட்டைக்குள் எறிந்தார்.

"இது எத்தனை பேருக்குத் தெரியும்?"

"எனக்கு. அப்புறம் இவனுக்கு. இவன் வாயில எது வந்தாலும் ஊர்ல யாரும் நம்பறதில்ல."

மேஜர் மூட்டையையும் கன்சாகுவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சினந்திருந்தால் கிரியாமாவுக்கு அவ்வளவு அச்சம் தோன்றியிருக்காது.

"சரி. கப்பல் முழுகல. ரகசியம் இல்ல. உளவாளியும் இல்ல. அந்தச் செவிடன அவுத்து விடுங்க." கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டார். "கப்பல் முழுகாததால இன்னிக்கு சாயங்காலம் அந்தத் தெருவுல ஒரு வீடு விடாம நிழற்சோத்துத் தட்டு இருக்கணும். நாளைக்கும் இருக்கணும். நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் இருக்கணும். ஒகிதா வந்து பாப்பார். தட்டு இல்லாத வீட்டுக்காரி அடுத்த படகுல வருவா."

அவிழ்த்துவிடப்பட்ட கன்சாகுவுக்கு நடந்தது எதுவும் விளங்கவில்லை. கிரியாமாவின் கையைத் தன் விரல்நுனிகளால் தொட்டுப் பார்த்தார். "நடுங்குதே, ஐயா" என்றார். "உள்ள எங்கயோ இணைப்பு விட்டுப் போயிருக்கு."

அந்தி சாயும்போது மாலுமித் தெருவில் எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. இறந்தவர்களுக்கு உயிருள்ளவர்களின் சோற்றை வைக்குமாறு ஓர் அரசு ஆணையிட்டது. தெரு அதற்குக் கீழ்ப்படிந்தது. வீட்டுக்கு வீடு தட்டு. தட்டுக்குத் தட்டு கிண்ணம், குச்சிகள். ஹத்சுவின் தட்டும் இப்போது தெற்கே திரும்பியிருந்தது. ஒகிதா ஒவ்வொரு வாசலிலும் எட்டிப் பார்த்துத் தலையசைத்தபடி வந்தார். கிணற்றருகே வந்ததும் அவர் நடை தயங்கியது. வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் இரண்டு வீடுகளில் எட்டிப் பார்த்தார்.

கிணற்றடியில் கிரியாமாவும் உசுகியும் நின்றார்கள்.

"ஆய்வாளரே, ஒரு வீட்டுலயும் கிண்ணத்துக்கு மூடி இல்லையே?"

"ஆணையில தட்டுன்னுதான் இருக்கு" என்றார் கிரியாமா. "மூடின்னு இல்ல."

"எல்லார் வீட்டு மூடியும் ஒரே நாள்ல ஒடஞ்சு போச்சுங்க" என்றான் உசுகி.

"மரமூடி எப்படிய்யா ஒடையும்?"

உசுகி எதிர்வீட்டைப் பார்த்தான். அங்கே ரின் திறந்த கிண்ணத்தின் முன்னால் கைகளை மடியில் வைத்து அமர்ந்திருந்தாள். அருகே அவனுக்காக ஓர் இருக்கை போட்டிருந்தது.

"இரும்பே ஒடையுற காலம், ஐயா" என்றான். "மரத்துக்கென்ன?"

ஒகிதா அவனை உற்றுப் பார்த்தார். தடைசெய்யப்பட்ட சொல் ஒன்று அவர் காதருகே வந்து சென்றிருந்தது. அவருக்கும் ஒரு மகன் கடலில் இருந்தான். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் கேளாதவரைப் போல அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

உசுகி தம்பியின் சோற்றை உண்ண வீட்டுக்குள் சென்றான்.